வயிற்றெரிச்சலுக்கு நான் எழுதிய ஆங்கிலம்

என் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கோலாலம்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாகக் கழித்தேன். தமிழில் அச்சாகும் எதுவும் என் மேசைக்கு வரும். வாரப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், நாடக விளம்பரம், சங்கக் கூட்ட அறிக்கை எல்லாம் வரும். அவற்றைப் படித்து ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதுவேன். சந்தேகமான வரி ஏதும் இருந்தால் அதை முழுதாகப் பெயர்த்து, கீழே கையெழுத்துப் போட்டு, துரையின் அறைக்கு அனுப்புவேன். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் எனக்குத் தந்த வேலை அது. கௌரவமான வேலை என்று ஊரில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவனை நான் முதலில் பார்த்தது அந்த மேசைக்கு முன்னால்தான். அச்சகம் வைக்க அனுமதி கேட்டு வந்திருந்தான். விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் அனுப்பினார்கள். விரல் நுனியெல்லாம் கறுப்பு. எவ்வளவு தேய்த்தாலும் போகாத ஈயக் கறுப்பு. 'பத்திரிகையின் நோக்கம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"உள்ளதைச் சொல்றதுன்னு போடுங்கண்ணே."

நான் 'பொதுச் செய்திகள்' என்று ஆங்கிலத்தில் எழுதி, என்ன எழுதினேன் என்பதையும் சொன்னேன். அவன் சிரித்தான். "ரெண்டும் ஒண்ணுதானே?" என்றான்.

பிரிக்பீல்ட்ஸில் நான் குடியிருந்த தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, பழைய செங்கல் சூளைப் பக்கமாக ஒரு தகரக் கூரைக் கடைவீட்டில் அவன் அச்சகம் இருந்தது. நாலு பக்க வாரப் பத்திரிகை. எழுதுவது, அச்சுக் கோப்பது, திருத்துவது, மடிப்பது, ரயிலில் கொண்டுபோய் கிள்ளானில் விற்பது எல்லாமே அவனும் அவன் மனைவியும்தான். அவன் மூன்று வயதில் தாயின் மடியில் கப்பலேறி வந்தவன். தாய் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். ஒரு பாதிரியாரின் அச்சகத்தில் தரை கூட்டப் போய் எழுத்துக் கோக்கக் கற்றுக்கொண்டான். மனைவி காப்பார்ப் பக்கத் தோட்டத்தில் ரப்பர்ப் பாலெடுக்கப் பால் மரம் வெட்டும் குடும்பத்துப் பெண். அவள் படிக்கக் கற்றதே கலியாணத்துக்குப் பிறகு, ஈய எழுத்துகளைப் பார்த்து. அதனால் தலைகீழாகவும் இடம் வலமாகவும் கிடக்கும் எழுத்தை அவள் கடகடவென்று படிப்பாள். தாளில் நேராக இருப்பதைப் படிக்கத்தான் அவளுக்குக் கொஞ்சம் நேரமாகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போய்ப் புரூஃப் பார்த்துக் கொடுப்பேன். அரசாங்க வேலைக்காரன் செய்யக் கூடாத காரியம்தான். சும்மா பிழை திருத்துகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர்கள் தாழ்ந்த சாதி என்று என் வீட்டாரும் உறவினரும் சொல்லும் சாதி. அவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க முதல் நாள் எனக்குக் கை நீளவில்லை. அவள் தம்ளரை என் பக்கத்து மரப்பெட்டிமேல் வைத்துவிட்டு, பார்க்காதவள் போலத் திரும்பிக்கொண்டாள். மூன்றாவது வாரம் நானாகக் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அந்த வருடம் கிள்ளானில் ஒரு கோயில் திருவிழாவில், அவளுடைய தகப்பனாரும் தோட்டத்து ஆட்கள் சிலரும் காவடி எடுத்து வந்து, வெளியிலேயே நிற்காமல் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டார்கள். அன்றைக்கு யாரும் தடுக்கவில்லை. ஒரு வாரத்தில் ஒரு துண்டுத்தாள் வந்தது. எழுதியவர் பெயர் இல்லை. அதிலிருந்ததை இங்கே எழுதப் போவதில்லை. அவர்களுடைய பெண்களைப் பற்றி இருந்தது. அவர்களை எப்படி விரட்ட வேண்டும் என்றும் இருந்தது. கிள்ளான் பாசாரில் மீன்காரியிலிருந்து வண்டிக்காரன்வரை எல்லார் கையிலும் அந்தத் தாள் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பாசாரில் உப்பு வாங்க வந்த அவளுடைய தகப்பனார்மேல் கல் விழுந்தது. வலக்கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று அவன் எழுத்துப் பெட்டிமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றான்.

"அண்ணே, இதுக்குச் சட்டம் இருக்கா இல்லையா?"

இருந்தது. ஒரு பிரிவினர்மேல் இன்னொரு பிரிவினருக்குப் பகைமை மூட்டும் அச்சுப் பிரதிகளைத் தடுக்கும் சட்டம். என் அலுவலக அலமாரியில் அது ஒரு நீலக் கட்டுக்குள் இருந்தது. சொன்னேன்.

"அப்ப மனு எழுதுங்க."

எழுத்துக்கு எழுத்தால் பதில் சொன்னால் போதும், அரசாங்கத்தை நடுவில் கூப்பிடக் கூடாது என்று அதுவரை மேடை மேடையாகப் பேசியவன் அவன். அதை நான் நினைவுபடுத்தினேன்.

"அது கண்ணு போறதுக்கு முன்னாடி பேசினது" என்றான்.

அவள் ஈய எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியின் அறைகளில் போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்: "அந்தச் சட்டத்தை எழுதினவங்க எங்கப்பாவ நெனச்சா எழுதினாங்க?"

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

"எங்கப்பா சொல்றத அப்படியே போடுங்க. என்ன நடந்துச்சு, யாரு பாத்துக்கிட்டு நின்னாங்க, எல்லாம். நான் கோக்கறேன். அந்தத் தாளப் படிச்சவங்க இதையும் படிக்கட்டும்."

"படிச்சிட்டு இன்னொரு கல்லு எறிவாங்க" என்றான் அவன்.

அவள் மறுபடி எழுத்துகளைப் பிரிக்கத் தொடங்கினாள். நாங்கள் அவளை மேலே கேட்கவில்லை. தகப்பனாரின் வாக்குமூலம் அச்சாகவே இல்லை.

மனுவை என் முழுத் திறமையையும் கொட்டி எழுதினேன். அவன் தமிழில் சொல்வான், நான் ஆங்கிலத்தில் போடுவேன். ஒரு வாக்கியம் எனக்கு இன்னும் மனப்பாடம். 'கல்லை எறிந்த கை மட்டும் குற்றவாளி அல்ல. அந்தக் கைக்கு முன்னால் போன தாளும் குற்றவாளி.' அதை ஆங்கிலத்தில் எழுதி முடித்ததும் உரக்க வாசித்துக் காட்டினேன். அவனுக்கு முழுதாகப் புரிந்திருக்காது. ஆனாலும் ஓசையைக் கேட்டுவிட்டு, "ஆணி அடிச்ச மாதிரி இருக்குண்ணே" என்றான்.

மனு பலித்தது. துண்டுத்தாள்களைப் பறிமுதல் செய்தார்கள். அதை அச்சிட்ட கிள்ளான் அச்சகத்தைப் பூட்டினார்கள். எழுதியவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. கொஞ்ச நாளில் எல்லாத் தமிழ் அச்சகங்களுக்கும் ஓர் உத்தரவு போயிற்று: இனி எந்தத் தாள் அச்சானாலும் விற்பனைக்கு முன் ஒரு பிரதி எங்கள் அலுவலகத்துக்கு வர வேண்டும். உத்தரவுக்குக் காரணம் காட்டும் இடத்தில் எங்கள் மனுவைக் குறிப்பிட்டிருந்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவனும் முதல் பிரதியைத் தானே கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, "ஐயா, பரிசீலிக்கணும்" என்று கேலியாகக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டம் தோட்டமாக ஆள் குறைத்தார்கள். கூட்டம் கூட்டமாக ஜனங்களை ரயிலேற்றி போர்ட் சுவெட்டன்ஹாமுக்குக் கொண்டுபோய்க் கப்பலில் ஊருக்கு அனுப்பினார்கள். பலருக்கு ஊர் என்று சொல்ல ஊரே கிடையாது. ஒரு தோட்டத்தில் நிறைமாதக் கர்ப்பிணிகளையும் குடியிருந்த லயத்து வீட்டைவிட்டுக் கிளப்பி, சாமான்களை வாசலில் எறிந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு ரயில் மேடையிலேயே பிரசவமாகிப் பிள்ளை தக்கவில்லை. அவன் கிள்ளான் ஸ்டேஷனில் பத்திரிகை விற்றுக்கொண்டு நின்றபோது அதைப் பார்த்தான். அப்போது அவன் மனைவிக்கும் ஆறு மாதம்.

அந்த வாரம் முதல் பக்கம் முழுவதும் அதுதான். கடைசி வரி: 'இந்தத் தாய்மாரின் வயிற்றெரிச்சல் அந்தப் பங்களாக்களைச் சும்மா விடாது.'

ஞாயிற்றுக்கிழமை புரூஃபில் அந்த வரியை நான் பார்த்தேன். "தம்பி, இந்தக் கடைசி வரி வேணுமோ?" என்று கேட்டேன்.

"எல்லாரும் வீட்ல சொல்றதுதானேண்ணே. எங்க மாமியா சொல்லும், உங்கம்மா சொல்லும். அதுல என்ன இருக்கு?"

உண்மைதான். என் அம்மாவும் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறா. நான் தாளை மடித்துக் கொடுத்துவிட்டேன். உத்தரவுப்படி அலுவலகத்துக்கு வந்த பிரதியையும் வழக்கமான சுருக்கத்தோடு அனுப்பிவிட்டேன்.

பத்திரிகை வெளிவந்து நாலாம் நாள் அந்தத் தோட்டத்தில் ரப்பர் உலர்த்தும் புகைக்கொட்டகை தீப்பிடித்தது. புகைக்கொட்டகை தீப்பிடிப்பது புதிதல்ல. அடுப்பைச் சரியாகப் பாராவிட்டால் எந்தத் தோட்டத்திலும் நடக்கும். ஆனால் மறுநாள் காலை துரை அந்தப் பத்திரிகையை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். முதல் பக்கத்தை வரிக்கு வரி பெயர்க்கச் சொன்னார்.

துரை கெட்டவர் அல்ல. என்னை ஒருநாளும் குரல் உயர்த்திக் கூப்பிட்டதில்லை. பரீட்சைக்காகத் தமிழ் படித்தவர். அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டுவார். கடைசி வரியை நான் 'இந்தத் தாய்மாரின் துயரம்' என்ற பொருளில் ஆங்கிலமாக்கி எடுத்துப்போனேன். அவர் பத்திரிகையில் அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தார்.

"எரிச்சல் என்றால் எரிவது அல்லவா?"

"அது வழக்கு, சேர். மனசு நொந்து சொல்வது. தீ என்ற அர்த்தம் வராது."

"எரிதல் என்ற சொல் இதில் இருக்கிறதா, இல்லையா?"

"இருக்கிறது, சேர்."

"அப்படியானால் அதை எழுதுங்கள். விளக்குவது உங்கள் வேலை அல்ல."

மேசைக்குத் திரும்பி வந்தேன். 'இந்தத் தாய்மாரின் வயிற்றில் எரியும் தீ அந்தப் பங்களாக்களை விட்டுவைக்காது' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் எழுதினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் ஆதாரம் இருந்தது. பிழையென்று யாரும் சொல்ல முடியாது. ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதினேன், இது சாதாரணப் பேச்சு வழக்கு என்று. துரை அதை ரப்பரால் அழித்துவிட்டு என்னிடம் தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் அவன் அச்சகத்துக்கு நான் போயிருக்கலாம். இரண்டு தெருத்தான். போய், "தம்பி, நாலு நாள் எங்கேயாவது போய் இரு" என்று சொல்லியிருக்கலாம். நான் வீட்டுக்குப் போய், கைகால் கழுவி, சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்றுகூட நினைவிருக்கிறது. கத்தரிக்காய்க் குழம்பு.

மறுநாள் பத்து மணிக்கு அவள் எங்கள் வீட்டு வாசலுக்கு ஓடி வந்தாளாம். நான் அலுவலகத்தில் இருந்தேன். "மாத்தா வந்துட்டாங்கக்கா, எழுத்தையெல்லாம் கொட்டிட்டாங்கக்கா, அண்ணன்கிட்ட சொல்லுங்க" என்று என் மனைவியிடம் அழுதிருக்கிறாள். போலீஸ்காரர்கள் எழுத்துப் பெட்டிகளைத் தரையில் கவிழ்த்து, அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டு போயிருந்தார்கள்.

அவனை நாடு கடத்த உத்தரவாயிற்று. அந்தக் கோப்பு என் வழியாகத்தான் போனது. உத்தரவின் இரண்டாம் பத்தியில், காரணங்களுக்கு நடுவே, என் கண்ணில் பட்டது: 'தீ வைத்த கை மட்டும் குற்றவாளி அல்ல, அந்தக் கைக்கு முன்னால் போன தாளும் குற்றவாளி.' கல்லை எடுத்துவிட்டுத் தீயை வைத்திருந்தார்கள். மற்றபடி அது என் ஆங்கிலம்தான், நிறுத்தற்குறி உட்பட. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று பார்த்தேன். அதே நீலக் கட்டு, அதே பிரிவு.

இதைச் சொல்லும்போது என்னைக் கேட்பார்கள், அப்படியானால் அந்தத் துண்டுத்தாளைச் சும்மா விட்டிருக்க வேண்டுமா என்று. எனக்குத் தெரியவில்லை. அந்தக் கிழவரின் வெற்றுக் கண்குழியைப் பார்த்தவன் நான். அந்தத் தாளைப் பறித்தது தவறென்று என் வாயால் வராது. ஆனால் பறிக்கும் கையை நாங்கள்தான் கூப்பிட்டோம். அது யாருடைய கை என்று அவள் ஒருத்திதான் கேட்டாள்.

கப்பலுக்கு முந்திய நாள் சிறையில் அவனைப் பார்க்க அனுமதித்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் முடி வெட்டி, மெலிந்து நின்றான்.

"மொழிபெயர்ப்பு உங்களதுதானேண்ணே?" என்றான்.

நான் தலையை ஆட்டினேன்.

"விசாரணையில தமிழ்ல திருப்பிச் சொன்னாங்க. நல்லா இருந்துச்சு. நான் எழுதினதவிட நல்லா இருந்துச்சு."

கேலியா, உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தில் கோபம் இல்லை.

"தம்பி, நான்..."

"விடுங்கண்ணே. நீங்க எழுதலைன்னா வேற ஒருத்தர எழுதச் சொல்லியிருப்பாங்க." கம்பிக்கு அருகில் வந்தான். "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா உங்கள வீட்டுக்குள்ள விடமாட்டா. பிள்ள பொறக்கப் போவுது. நீங்க வந்து போய்ட்டு இருக்கணும். அவளுக்கு இங்க வேற ஆளில்ல."

மறுநாள் போர்ட் சுவெட்டன்ஹாமில் அவனைக் கப்பலேற்றினார்கள். துறைமுக வேலிக்கு வெளியே நானும், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளும், ஒற்றைக் கண்ணோடு அவள் தகப்பனாரும் நின்றோம். ஏறுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி மூட்டையோடு தெரிந்தார்கள். எது அவன் என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் ஒரு முதுகைக் காட்டி, "அவருதான், அவருதான்" என்றாள். "ஓம், அவர்தான்" என்றேன்.

பெண் குழந்தை பிறந்தது. அவள் பிரிக்பீல்ட்ஸிலேயே இருந்து, இன்னொருவர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலைக்குப் போனாள். நான் வாரா வாரம் போவேன். குழந்தையை மடியில் வைத்திருப்பேன். அவள் எனக்குத் தேத்தண்ணீர் போட்டுத் தருவாள். அவன் சொன்னபடியே நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவன் கேட்டுக்கொண்டது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

நாடு கடத்தப்பட்டவர்களின் கடிதங்கள் முதலில் எங்கள் அலுவலகத்துக்கு வரும். பிரித்து, மொழிபெயர்த்து, துரை பார்த்த பிறகு ஒட்டித் தபாலுக்குத் திரும்பிப் போகும். அப்படி அவன் அவளுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் அவளுக்கு முன் நான் படித்தேன். நாகப்பட்டினத்தில் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்திருந்தது. அங்கேயுள்ளவர்கள் அவனை 'கப்பல்காரன்' என்று கூப்பிடுகிறார்களாம். பிள்ளைக்குப் பல் முளைத்ததா என்று கேட்டிருந்தான். ஒரு கடிதத்தின் அடியில், 'இதை முதலில் படிக்கிறவருக்கு என் வணக்கம். அவரை நான் மறக்கவில்லை' என்று எழுதியிருந்தான். அந்த வரியையும் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கையெழுத்துப் போட்டேன். அந்த வணக்கம் யாருக்கு என்று அவள் என்னிடம் கேட்டாள். "தபால்காரனுக்காக்கும்" என்றேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை வந்த கடிதத்தில் கையெழுத்து வேறாக இருந்தது. அவன் வேலை பார்த்த அச்சகத்து முதலாளி எழுதியிருந்தார். வாந்திபேதி, மூன்று நாள், எல்லாக் காரியமும் முறைப்படி செய்துவிட்டோம். ஒரு பக்கத்துக்கும் குறைவு. நான் அதை ஆங்கிலமாக்கினேன். சந்தேகமான வரி எதுவும் இல்லை என்று அடியில் எழுத வேண்டும், எழுதினேன்.

துரை விடுப்பில் போயிருந்தார். அவர் வந்து பார்க்காமல் கடிதம் வெளியே போகக் கூடாது. எட்டு நாள் அது அலுவலகத்தில் கிடந்தது.

அலுவலகத்து விஷயத்தை வெளியே சொன்னால் வேலை போகும். அந்தப் பயம் உண்மைதான். ஆனால் அதைவிட, எப்படித் தெரியும் என்று அவள் கேட்பாளே என்ற பயம் பெரிதாக இருந்தது. அந்த வாரம் நான் அவள் வீட்டுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்குப் போகும் வழியில் கோயில் முனையில் அவளைக் கண்டேன். குழந்தை இடுப்பில், நெற்றியில் குங்குமம், தலையில் மல்லிகைச் சரம். "என்னண்ணே, இந்தப் பக்கம் ஆளையே காணோம்?" என்று சிரித்தாள். "வேலை கூடிப்போச்சு தங்கச்சி" என்றேன். பிள்ளை என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது.

கடிதம் அவளுக்குப் போய்ச் சேர்ந்த அன்று என்னைக் கூட்டிவர ஆள் வந்தது. போனேன். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். கடித உறையை விளக்கடியில் வைத்து, ஒட்டின இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். எங்கள் அலுவலகத்துப் பசை மஞ்சள் நிறம். அவள் காகிதத்தோடு வாழ்பவள், இத்தனை நாள் கவனியாததை இன்று பார்த்துவிட்டாள்.

"இது ஊர்ப் பசையில்ல. இங்க ஒட்டினது" என்றாள். "உங்க ஆபீஸ்ல தமிழ் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தருதானேண்ணே?"

"ஓம்."

"அப்ப, அவரு எழுதின அந்தக் கடைசிக் கட்டுரை?"

"அதையும் நான்தான் தங்கச்சி."

அவள் உறையைக் கீழே வைத்துவிட்டுக் கடிதத்தை எடுத்தாள். மூலையில் தகப்பனார் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"ஒன்பது நாளுக்கு முன்னம்."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். எண்ணி முடித்ததும் கை தானாகத் தலைக்குப் போயிற்று. தலையில் இப்போது ஒன்றும் இல்லை.

"வெள்ளிக்கிழமை பூ வச்சிருந்தேனே" என்றாள். "பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க."

அதுதான் அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. அந்த மாதமே குழந்தையோடு காப்பாருக்குத் தகப்பனார் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வேலையை விடவில்லை. விட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஓய்வுபெறும்வரை அதே மேசையில் இருந்து, வந்ததையெல்லாம் ஆங்கிலமாக்கினேன்.

ஒரே ஒரு தரம் காப்பாருக்குப் போனேன். குழந்தைக்கு ஒரு பாவாடைத் துணி வாங்கிக்கொண்டு போயிருந்தேன். லயத்து வாசலில் கிழவர்தான் இருந்தார். உள்ளே பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. நான் வந்தது தெரிந்ததும் அது நின்றது. அவர் எனக்கு ஒரு பலகையைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை, நல்ல கண்ணை மரங்களின் பக்கம் திருப்பியபடி எதிரில் குந்தியிருந்தார். துணியை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கெளம்பிடுங்கய்யா" என்றார். "ஸ்டேஷனுக்கு நடக்கணும்ல."